எடைபோட்டவர்களும் சுமந்தவர்களும்: கொச்சிப் புனைவில் மிளகு

1500 மார்ச்சில் 13 கப்பல்களோடு லிஸ்பனை விட்டுப் புறப்பட்ட பெத்ரோ ஆல்வரஸ் கப்ரால், ஏப்ரல் 22-ஆம் தேதி இன்றைய பிரேசிலின் தெற்கு பாஹியாக் கரையைக் கண்டார். சில நாள் அங்கே தங்கிவிட்டுக் கிழக்கே திரும்பினார். வழியில் புயலுக்குச் சில கப்பல்களைப் பறிகொடுத்து, கோழிக்கோட்டு மன்னரான சாமூதிரியோடு மோதி, டிசம்பர் 24 அன்று கொச்சிக்கு வந்து சேர்ந்தார். இங்கே அவருக்கு மிளகு கிடைத்தது. அந்த ஒரே பயணம் தொட்ட இரண்டு கரைகளில் தெற்கு பாஹியாவுக்குப் பின்னாளில் கொக்கோவால் பெயர் வந்தது. கொச்சியின் பெயரோடு மிளகு ஒட்டிக்கொண்டது. இரண்டைப் பற்றியும் நாவல்கள் வந்தன.

பாஹியாவின் கொக்கோ நாவல்களைப் படித்துவிட்டுக் கொச்சியின் மிளகுப் புனைவுகளுக்கு வந்தால் ஒரு வேறுபாடு உறுத்துகிறது. அங்கே தோட்டமும் துறைமுகமும் ஒரே கதைக்குள் இருக்கின்றன. இங்கே மிளகு விளையும் மலை ஒரு பக்கம், அதை விற்கும் மட்டாஞ்சேரி ஒரு பக்கம். இரண்டும் சரிசமமாக வருகிற பெரிய படைப்பு என் வாசிப்பில் இன்னும் இல்லை. மிளகு கொச்சிக்குக் கொடுத்த அடையாளத்தைப் புனைவு எழுதியபோது பெரும்பாலும் எடைபோட்டவர்களின் பக்கத்தில் நின்று எழுதியது. சுமந்தவர்கள் வெகு தாமதமாக வந்தார்கள். விளைவித்தவர்கள் வேறு கதைகளில் தனியாக இருக்கிறார்கள்.

முதலில் கொக்கோ. ஜோர்ஜ் அமாடோ 1912-இல் இதாபூனா பக்கம் ஒரு கொக்கோத் தோட்டத்தில் பிறந்தவர். கடலோர ஊரான இலியேயுஸில் வளர்ந்தவர். இளம் வயதில் அவர் எழுதிய 'கக்காவு' (1933) தோட்டக் கூலிகளின் நாவல்; அதில் கதை சொல்பவனே ஒரு கூலியாள். பத்து வருடம் கழித்து வந்த 'எல்லையில்லா நிலங்கள்' (1943), காட்டை அழித்துக் கொக்கோ நடுவதற்காக இரண்டு பண்ணைக் கூட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிச் சாய்ப்பதைச் சொல்கிறது. அந்தப் பெரும் பண்ணைக்காரர்களை ஊரார் 'கர்னல்' என்பார்கள். போர்க்களம் கண்டு வாங்கிய பட்டம் அல்ல அது. மறு ஆண்டு வந்த தொடர்ச்சியில் ஏற்றுமதிக் கம்பெனிகள் இந்தக் கர்னல்களையே விழுங்கிவிடுகின்றன. காடு, தோட்டம், கிடங்கு, கப்பல் என்று கொக்கோ போகும் வழி முழுவதையும் ஒரே எழுத்தாளர் நடந்து பார்த்திருக்கிறார்.

1958-இல் வந்த 'கேப்ரியலா, கிராம்பும் இலவங்கப்பட்டையும்' உலகப் புகழ் பெற்றது. வறட்சிக்குத் தப்பி ஊருக்குள் வரும் கேப்ரியலாவை நம் ஊர் வாசகர்களும் ஆங்கில வழியாக அறிவார்கள். அவளைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளும் நஸீப் சிரியாக்காரன், மதுக்கடை நடத்துகிறவன். காதல் கதையாகத்தான் இது பேசப்படுகிறது. ஆனால் நாவலின் முதுகெலும்பு ஒரு மணல்மேடு. கதை நடப்பது 1925-இல். இலியேயுஸ் முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டிருப்பதால் பெரிய கப்பல் உள்ளே வர முடியாது. கொக்கோ அத்தனையும் மாநிலத் தலைநகர்த் துறைமுகத்துக்குப் போய் அங்கிருந்து கப்பலேறுகிறது. வருமானமும் பேரும் அந்த ஊருக்கு. மணலைத் தோண்டியெடுத்தே தீருவேன் என்று வெளியூரிலிருந்து வந்த ஏற்றுமதியாளர் ஒருவர் கிளம்புகிறார். பழைய கர்னல் குறுக்கே நிற்கிறார். ஊரின் தேர்தல், கள்ளக்காதல், கொலை வழக்கு, பெண்களின் நிலை எல்லாமே இந்த மணல்மேட்டைச் சுற்றித்தான் சுழல்கின்றன.

அமாடோவைத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டியதில்லை. 1933-இல் பேசிய கூலியாள் 1958-க்குள் பின்னணிக்குப் போய்விடுகிறான். கேப்ரியலா மணமும் நிறமுமாகச் சுருங்குகிற பக்கங்கள் நிறைய. 1989-இல் ஒரு பூஞ்சை நோய் வந்து தெற்கு பாஹியாவின் கொக்கோத் தோட்டங்களைச் சூறையாடியது. அதன் பிறகு இலியேயுஸுக்கு விற்பதற்கு நாவல்தான் மிஞ்சியது. நஸீபின் கடை இன்று சுற்றுலாத் தலம்; எழுத்தாளர் வளர்ந்த வீடு அருங்காட்சியகம். இருந்தாலும் ஒரு காரியத்தை அவர் செய்துவிட்டார். சிரியாக்காரன், வறட்சி அகதி, கறுப்பினக் கூலி, வேற்றூர் வியாபாரி எல்லோரையும் கலந்து, இந்தக் கலவைதான் கொக்கோ மண்ணின் ஆள் என்று அந்த வட்டாரமே ஒப்புக்கொள்ளும்படி எழுதினார்.

இப்போது கொச்சியின் மணல்மேடு. 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறியின் துறையைத் தூர்த்துக் கொச்சியின் வாயைத் திறந்துவிட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. ஆனால் அந்த வாயிலும் மணல்மேடு உண்டு. பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். மிளகும் சுக்கும் கயிறும் வள்ளங்களில் போய்க் கப்பல் ஏறும். மழைக்காலத்தில் அதுவும் நடக்காது. 1920-இல் சென்னை மாகாண அரசு அனுப்பிய ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் அந்த மேட்டை வெட்டி ஆழ்கடல் கப்பலுக்கு வழி செய்தார். 1928-இல் முதல் கப்பல் உள்துறைமுகத்துக்குள் வந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டியே வில்லிங்டன் தீவு உருவானது. மட்டாஞ்சேரிக் கரையில் நடந்த ஏற்றுமதி மெதுவாக அந்தப் புதுத் தீவுக்கு நகர்ந்தது. சென்னை மாகாணம், கொச்சி சமஸ்தானம், திருவிதாங்கூர் மூன்றும் யாருக்கு எவ்வளவு வருமானம் என்று பல வருடம் இழுபறி நடத்தின. இலியேயுஸில் கற்பனையாக நடந்த அதே சண்டை அதே பத்தாண்டில் கொச்சியில் நிஜமாக நடந்திருக்கிறது. நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்? கடைசியில் அதை எழுதியவர் பிரிஸ்டோதான். 'கொச்சின் சாகா' என்று 1959-இல் நினைவுக் குறிப்பாக எழுதினார். அதில் கதாநாயகர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆங்கில வாசகர்களுக்குக் கொச்சி மிளகு என்றால் சல்மான் ருஷ்டியின் 'மூரின் கடைசிப் பெருமூச்சு' (1995). வாஸ்கோ ட காமாவின் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் வாசனைப் பொருள் வியாபாரக் குடும்பம். அவர்களின் வீடு இருப்பது கப்ரால் தீவில். நிஜ வாஸ்கோ ட காமா 1524 கிறிஸ்துமஸ் முந்தின நாள் கொச்சியில் இறந்து, கோட்டைக் கொச்சியின் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் புதைக்கப்பட்டார். பிறகு எலும்புகளை எடுத்துப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோனார்கள். காலிக் குழியைச் சுற்றிக் கட்டிய பரம்பரைப் பெருமை என்பதில் ருஷ்டிக்கு இயல்பாகவே ஒரு கேலி கிடைத்துவிடுகிறது. அந்தக் குடும்பத்துப் பெண் அரோரா, கிடங்கு மேலாளராக வேலை பார்க்கும் மட்டாஞ்சேரி யூதரான ஏப்ரஹாமைக் காதலிக்கிறாள். அவர்கள் கூடுவது கிடங்கில், மிளகு மூட்டைகளின் மேல். ஏப்ரஹாமின் அம்மா யூதக் கோயிலைப் பார்த்துக்கொள்பவர். அங்குள்ள நீல ஓடுகளில் அவருக்கு எதிர்காலமே தெரிகிறது. 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதக் கோயிலின் தரையில் 18-ஆம் நூற்றாண்டுச் சீன ஓடுகள் இன்றும் உண்டு. ஒன்றைப்போல் மற்றொன்று இருக்காது என்று வழிகாட்டிகள் சொல்லுவார்கள்.

ருஷ்டி மலையை முற்றிலும் மறந்துவிடவில்லை. அந்த வீட்டு மாமியார், மருமகள் இருவரின் உறவினர்கள் மலைத்தோட்டங்களில் மேற்பார்வைக்குப் போய், ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு தோட்டங்களுக்கே தீ வைக்கிறார்கள். அமாடோவின் பண்ணைச் சண்டையை நினைவூட்டும் பகுதி இது. ஆனால் அந்த நெருப்பு நமக்குத் தெரிவது தீவு வீட்டின் ஜன்னல் வழியாக. வீட்டின் ஆண்கள் சிறைக்குப் போகிறார்கள், சொத்து பிரிகிறது, மாமியார் மருமகள் யுத்தம் கூடுகிறது. எரிந்த கொடியை நட்டவர் யார், அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்று நாவல் திரும்பிப் பார்ப்பதில்லை. சில அத்தியாயங்களுக்குப் பிறகு கதையே பம்பாய்க்குப் போய்விடுகிறது. மிளகு இதில் வாசனையாக, காமமாக, பரம்பரையாக வருகிறது. உழைப்பாக வருவதில்லை.

அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்று கொஞ்சம் பார்க்கலாம். மிளகுக் கொடி கேரளத்தில் தனித் தோட்டத்தில் மட்டும் வளர்வதில்லை. வீட்டுத் தோட்டத்துப் பலா, மா, கல்யாண முருங்கை எதன் மேலும் படரும். கதிரில் ஒன்றிரண்டு மணி சிவக்கும்போது ஒற்றைக்கால் மூங்கில் ஏணியைச் சாய்த்து ஏறிப் பறிப்பார்கள். காலால் மிதித்து மணியை உதிர்ப்பார்கள். பாயிலோ சிமெண்டுத் தரையிலோ நான்கைந்து நாள் காய்ந்தால் கறுத்துச் சுருங்கும். மலையோரக் கடைக்காரர் சாக்கில் வாங்குவார். அவரிடமிருந்து பெரிய வியாபாரி, அவரிடமிருந்து மட்டாஞ்சேரி. பஜார் ரோட்டுக் கிடங்குகளில் பெண்கள் முறத்தில் புடைத்துத் தூசியும் காம்பும் போக்குவார்கள். சல்லடை, காற்றாடி, பிறகு தர நிர்ணயம். 'மலபார் கார்பிள்ட் 1' என்ற தரத்துக்கு ஒரு லிட்டர் அளவுப் பாத்திரத்தில் 550 கிராம் நிற்க வேண்டும். பொக்கு மணி கலந்திருந்தால் நிற்காது. யூதத் தெருவில் 1957-இல் தொடங்கிய மிளகு வணிகச் சங்கத்தின் கூடத்தில் தரகர்கள் கத்திக் கத்தி முன்பேர விலை பேசினார்கள். பிறகு அது கணினிக்கு மாறியது, கூச்சல் அடங்கியது.

இந்த ஏற்பாட்டில் கர்னல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாஹியாவில் ஒரு பண்ணைக்காரர் கையில் ஒரு காடே இருந்தது. அவர் வில்லனாகவும் காவிய நாயகனாகவும் ஆக முடியும். இங்கே இரண்டு ஏக்கர்காரரிடம் ஐம்பது கொடி, அடுத்த வீட்டில் முப்பது. விலையை யார் தீர்மானித்தார்கள் என்று கைகாட்ட முகம் கிடையாது. மிளகு வந்து குவிந்து கண்ணுக்குத் தெரிகிற ஒரே இடம் மட்டாஞ்சேரிக் கிடங்கு. நாவலாசிரியர்கள் அங்கேயே நின்றுவிட்டதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். சோம்பல் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பயிரின் அமைப்பே கதையைச் சந்தைக்குத் தள்ளிவிடுகிறது.

மலையாளத்தில் கொச்சியை உள்ளிருந்து எழுதிய நாவல்களில் என்.எஸ். மாதவனின் 'லந்தன்பத்தேரியிலெ லுத்தினியகள்' (2003) முன்னால் நிற்கிறது. இரா. முருகன் தமிழில் 'பீரங்கிப் பாடல்கள்' என்று தந்திருக்கிறார். டச்சுக்காரர்கள் பீரங்கி நிறுத்தியிருந்த ஒரு கற்பனைத் தீவு. படகு கட்டும் தச்சரின் மகள் ஜெஸிக்கா, தன் பிறப்பிலிருந்து கதை சொல்கிறாள். ஐம்பதுகளும் அறுபதுகளும், அம்மை குத்துதல், கம்யூனிஸ்ட் ஆட்சி, பிரியாணி, சவிட்டு நாடகம். போர்ச்சுகீசியர் வந்ததும் டச்சுக்காரர் துரத்தியதும் தீவுக்காரர்களின் பேச்சில் நேற்று நடந்ததுபோல் வருகின்றன. ருஷ்டியின் மாளிகையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு இங்கே மூச்சு வாங்க இடம் கிடைக்கிறது. வியாபாரத்தின் எச்சமாகத் தங்கிவிட்ட மக்கள்; மிளகு போய்விட்டது, மதமும் பாட்டும் சமையலும் மிச்சம்.

சவிட்டு நாடகத்தில் தமிழ் வாசகர்களுக்கு ஒரு பங்கு உண்டு. சார்லிமேன் பேரரசரின் கதையான 'காறல்மான் சரித்திரம்' உள்ளிட்ட பழைய ஏடுகளின் மொழி பெருமளவு தமிழ். அதை ஆக்கியவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த சின்னத்தம்பி அண்ணாவி என்பது வழக்கு. கொச்சித் தீவுகளின் லத்தீன் கத்தோலிக்கர்கள் பலகை மேடையைக் காலால் அதிரவைத்து, பிரெஞ்சு மன்னரின் வீரத்தை, முழுக்கப் புரியாத தமிழில் பாடியிருக்கிறார்கள். யாழ்ப்பாணம், மன்னார் கத்தோலிக்கக் கூத்திலும் ஆட்டுவிப்பவர் அண்ணாவியார்தான். கடல்வழி உறவு எங்கெல்லாம் ஓடியிருக்கிறது பாருங்கள். சவிட்டு நாடகத்தைப் பற்றி முதலில் விரிவாக ஆராய்ந்து எழுதியவர் ஸெபீனா ராஃபி. அவர் கணவர் பொஞ்ஞிக்கர ராஃபி இதே தீவு வாழ்க்கையை 'ஸ்வர்க்கதூதன்' நாவலில் எழுதியவர். கணவரும் மனைவியுமாக ஒரு வட்டாரத்தின் கலையையும் கதையையும் பிரித்துக்கொண்டு செய்திருக்கிறார்கள். மாதவனின் தலைமுறைக்குக் கையில் கிடைத்த விதை அது.

ஜானி மிராண்டாவின் சிறிய நாவல் இன்னும் கீழே இறங்குகிறது. 2013-இல் 'ரெக்வியம் ஃபார் தி லிவிங்' என்று ஆங்கிலத்தில் வந்தது. பறங்கிகள் எனப்படும் கலப்பினக் கத்தோலிக்கர்கள், அதிலும் ஏழைகள். தமிழ்நாட்டில் சட்டைக்காரர் என்றால் நமக்கு ரயில்வே காலனியும் ஆங்கிலப் பேச்சும் நினைவுக்கு வரும். இவர்களிடம் ஆங்கிலமும் இல்லை, ரயில்வேயும் இல்லை. போர்ச்சுகீசியப் பெயரும் மலையாள வறுமையும் இருக்கின்றன. ஐரோப்பியத் தொடர்பு என்றாலே மேட்டிமை என்கிற கொச்சிச் சுற்றுலாப் புத்தகத்துக்கு இந்த நாவல் சரியான மறுப்பு. ருஷ்டியைப் பற்றி வந்த கட்டுரைகளில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பற்றி வந்திருக்காது என்பது என் வருத்தம்.

பாஹியாவோடு ஒப்பிடும்போது கனமான இடம் ஒன்று வருகிறது. போர்ச்சுகீசியர் ஆப்பிரிக்க அடிமைகளை இரண்டு கரைக்கும் கொண்டுவந்தார்கள். பாஹியாவில் அவர்களின் வழித்தோன்றல்களே பண்பாட்டின் மையம். அவர்களுடைய தெய்வங்கள் அமாடோவின் நாவல்களுக்குள் ஆடிக்கொண்டு வருகின்றன. கொச்சியில் மிஞ்சியிருப்பது கப்பிரி முத்தப்பன். 1663-இல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தபோது, ஓடிய போர்ச்சுகீசியர் தங்கள் புதையலுக்குக் காவலாக அடிமைகளைக் கொன்று சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள் என்று கதை. அந்த ஆவி மரத்தடியில் சுருட்டுப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமாம். மட்டாஞ்சேரியில் ஒரு சுவரோரத்தில் அதற்குச் சின்ன வழிபாட்டிடம் உண்டு. மெழுகுவத்தி, சுருட்டு, கள், அவித்த முட்டை, புட்டு வைத்துக் கும்பிடுகிறார்கள். கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என்று பார்ப்பதில்லை. கொலை செய்யப்பட்ட அடிமை ஊருக்கே தாத்தாவாகிவிட்டார் என்று ரசித்துவிட்டுப் போகலாம். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. உயிரோடு இருக்கும் சமூகமாக அவர்கள் கொச்சியில் நிலைக்கவில்லை, ஆகவே நாவலில் பாத்திரமாகவும் ஆக முடியவில்லை. மூட்டை சுமந்த முதல் ஆட்களில் அவர்களும் இருந்திருப்பார்கள்.

யூதர்களைப் பற்றிய புனைவு வேண்டிய அளவுக்கு இருக்கிறது. சேதுவின் 'ஆலியா' நாவல் அவருடைய சொந்த ஊரான சேந்தமங்கலத்து யூதர்கள் இஸ்ரேலுக்குப் புறப்பட்டுப் போனதைச் சொல்கிறது. பரதேசி யூதர்களைவிட எண்ணிக்கையில் கூடிய, வசதியில் குறைந்த மலபார் யூதர்களை அது மையத்துக்குக் கொண்டுவந்தது நல்ல காரியம். கொங்கணிகளும் குஜராத்திகளும் கச்சி மேமன்களும் அவரவர் தெருவில் அவரவர் கோயிலோடும் பள்ளியோடும் வாழ்கிற மட்டாஞ்சேரியை ஆஷிஸ் நந்தி 2000-இல் ஒரு நீண்ட கட்டுரையில் அலசினார். இந்த ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பற்றிக் கிண்டலும் குறையும் சொல்லிக்கொண்டே, இடைவெளி விட்டு, கைகலப்பில்லாமல் சேர்ந்திருக்கிறார்கள் என்பது அவர் கண்டது. பெரிய நாவல்கள் எல்லோரையும் காதலில் சேர்த்துவைக்கப் பார்க்கின்றன. நந்தி சொல்லும் அந்தக் கசப்பு கலந்த சகவாசம்தான் ஊருக்கு நெருக்கமானது.

நாவலுக்குள் வராதவர்களும் உண்டு. கோட்டைக் கொச்சி வேளியில் துணி வெளுக்கும் வண்ணார் குடும்பங்கள் தமிழ் பேசுகின்றன. டச்சுக்காரர் காலத்தில் ராணுவத் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து முன்னோர்கள் வரவழைக்கப்பட்டதாக அவர்கள் சொல்லுவார்கள். வெளுக்கும் தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. காயவைக்கும் கயிறு இரண்டு புரியாக முறுக்கியது. புரியின் இடையில் துணியின் நுனியைச் செருகினால் போதும், கிளிப்பே வேண்டாம். எந்த நாவலிலும் இவர்கள் முழு ஆளாக வந்து நான் படித்ததில்லை. தமிழிலும்தான்.

சுமந்தவர்கள் கடைசியில் மேடை வழியாக வந்தார்கள். கே.எம். சிதம்பரன் எழுதிய 'துறமுகம்' நாடகம், கொச்சித் துறைமுகத்தின் சாப்பா முறையைப் பற்றியது. வேலைக்கு ஆள் எடுக்கும் கங்காணி, கூடி நிற்கும் கூட்டத்தின் நடுவே உலோக வில்லைகளை வீசுவான். அதுதான் சாப்பா. பிடித்தவனுக்கு அன்று வேலை, பிடிக்காதவனுக்குப் பட்டினி. ஒரு வில்லைக்காகப் பத்துப் பேர் மண்ணில் புரண்டு அடித்துக்கொள்வார்கள். இதை எதிர்த்து 1953-இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தில் செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. ஸெயிது, ஸெயிதலவி, அந்தோணி என்ற மூவர் இறந்தார்கள். சாப்பா ஒழிய 1962 வரை ஆனது. ராஜீவ் ரவி இதைத் திரைப்படமாக்க, 2023-இல் வெளியானது. திரைக்கதை, நாடகம் எழுதியவரின் மகன் கோபன் சிதம்பரன். படம் நீளம்தான், இருட்டும் கொஞ்சம் அதிகம். ஆனால் அந்த வில்லை காற்றில் பறந்து விழுகிற காட்சிக்கு நிகராக, மிளகு மூட்டையின் மேல் நடந்த எந்தக் காதலையும் வைக்க எனக்கு மனமில்லை.

மற்றபடி சினிமா மட்டாஞ்சேரிக்குச் செய்தது கலவையான காரியம். 2007-இல் வந்த 'பிக் பி'க்குப் பிறகு கொச்சி என்றாலே கூலிப்படை, கத்தி, மெதுவாக நடந்து வரும் தாதா என்றாகிவிட்டது. ஒரு ஊரின் முகவரியைச் சொன்னாலே வேலை தர யோசிக்கிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் குறைப்பட்டுக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. அதே ராஜீவ் ரவியின் 'அன்னயும் ரசூலும்' (2013), மட்டாஞ்சேரி முஸ்லிம் ஓட்டுநரையும் வைப்பின் தீவின் லத்தீன் கத்தோலிக்கப் பெண்ணையும் ஒரு படகுத்துறையில் சந்திக்கவைத்து இந்தப் பிம்பத்தைக் கொஞ்சம் ஆற்றியது. ஸௌபின் ஷாஹிரின் 'பறவ' (2017), மொட்டைமாடிப் புறாப் பந்தயத்தை எடுத்தது. இவற்றில் மிளகே இல்லை. அதுவும் உண்மைதானே, மட்டாஞ்சேரிப் பையன்களுக்கு இன்று மிளகு எதற்கு? 2012-இலிருந்து கொச்சி-முசிறி பினாலே என்ற கலைவிழா நடக்கிற ஆஸ்பின்வால் மாளிகையும் பெப்பர் ஹவுஸும் ஒரு காலத்தில் சரக்கு அடைந்து கிடந்த இடங்கள். வெள்ளை பூசிய அந்தச் சுவர்களில் படம் மாட்டுகிறார்கள்.

மலைக்குப் போனால் கதை வேறு. எஸ்.கே. பொற்றேக்காட்டின் 'விஷகன்யகா' (1948), திருவிதாங்கூரிலிருந்து நிலம் தேடி வயநாட்டுக் காட்டுக்கு ஏறிய கிறிஸ்தவக் குடும்பங்களின் நாவல். மண் வளமாகக் கூப்பிடுகிறது, மலேரியா கொண்டுபோகிறது. டி.டி. ராமகிருஷ்ணனின் 'ஃப்ரான்ஸிஸ் இட்டிக்கோர' (2009) 15-ஆம் நூற்றாண்டுக் குன்னங்குளத்து மிளகு வியாபாரியை ஃப்ளாரன்ஸ் வரைக்கும் கொண்டுபோகிறது. துணிச்சலான கற்பனை, ஆனால் அங்கும் நாயகன் எடைபோடுகிறவன். தமிழில் தோட்டத்தைப் பற்றி எழுதியவர்களுக்கு இந்தச் சாய்வு கிடையாது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைக் கூலிகளைச் சொல்கிறது. பி.எச். டேனியலின் 'ரெட் டீ' (1969), இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆகி, வால்பாறையில் செத்தவர்களை நம் வீட்டுக்கே கூட்டிவந்தது. காரணம் வெளிப்படை: தேயிலையில் துரையும் கங்காணியும் கண்முன் நின்றார்கள். அமாடோவுக்குக் கர்னல்கள் நின்றதுபோல.

ஏலக்காயில் தேயிலையின் நிலையும் மிளகின் நிலையும் கலந்திருக்கின்றன. போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாகத் தேனிப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து இடுக்கித் தோட்டங்களுக்கு ஏறுகிறார்கள். லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) ஜீப் போகாத பாதையை எடுத்துக்கொண்டது. ரங்கசாமி முதுகில் ஏலக்காய் மூட்டையோடு மலையிலிருந்து இறங்குகிறவன். துண்டு நிலம் வாங்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. கடைசியில், கைவிட்டுப்போன தன் நிலத்திலேயே நட்ட காற்றாலைக்குக் காவலாளியாக உட்காருகிறான். இந்தப் படத்தையும் 'துறமுக'த்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் கொச்சிப் புனைவில் விடுபட்ட பாதி கிடைத்துவிடுகிறது. மலையிலிருந்து இறக்கியவனும் கப்பலில் ஏற்றியவனும் ஒரே சரக்கின் இரண்டு முனைகள். ஒருவன் தமிழில் இருக்கிறான், மற்றவன் மலையாளத்தில். இரண்டும் நாவலாக இல்லாமல் சினிமாவாக வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. முதுகில் ஏறிய எடையைக் கேமரா ஒரு நொடியில் காட்டிவிடும். வாக்கியத்துக்கு அது எளிதல்ல.

பழைய பாட்டுகளில் இந்தப் பிளவு இல்லை என்பது வியப்பு. முசிறியைப் பாடும் புறநானூறு 343-இல் மீனுக்கு மாறிய நெல்லும், வீட்டில் குவித்த மிளகு மூட்டைகளும், படகில் கரைசேரும் பொன்னும் அடுத்தடுத்து வருகின்றன. மலையில் கிடைத்ததையும் கடலில் கிடைத்ததையும் சேர்த்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கிறான் சேரன். அகநானூறு 149 யவனர் கப்பலை மட்டும் பார்க்கிறது. பொன்னைக் கொண்டுவந்து மிளகோடு திரும்புகிற கப்பல். புறப்பாட்டு முழுக் கணக்கையும் பார்க்கிறது. ஒரு பெண்ணுக்கு முசிறியின் செல்வமும் ஈடாகாது என்று சொல்வதற்காகத்தான் பரணர் அப்படிப் பாடினார், உழைப்பவருக்காக அல்ல என்பதும் நினைவிருக்கட்டும்.

கொக்கோவிடமே திரும்பலாம். இந்தியாவில் அது முதலில் நடப்பட்ட இடம் குற்றாலம். 1798-இல் அம்போய்னா தீவிலிருந்து கொண்டுவந்தார்கள். வணிகப் பயிராகக் கேரளத்துக்கு வந்தது 1960-களின் நடுவில், கேட்பரி கம்பெனி வயநாட்டுச் சுண்டேலில் மாதிரித் தோட்டம் போட்ட பிறகு. தென்னைக்கும் கமுகுக்கும் நடுவில் நட்டார்கள். எழுபதுகளில் விலை நன்றாக இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் வாங்க ஆளில்லாமல் விழ, நட்ட கையாலேயே வெட்டிப்போட்டவர்கள் ஏராளம். 2024-இல் உலகச் சந்தையில் டன் 10,000 டாலரைத் தாண்டியபோது இடுக்கியில் உலர்ந்த கொட்டை கிலோ 1,000 ரூபாயைத் தொட்டது. காவலுக்கு ஆள் போட்டார்கள்.

இந்தக் கொக்கோ பெரும்பாலும் கொச்சித் துறைமுகத்தைப் பார்ப்பதில்லை. பழத்தை உடைத்து ஈரக் கொட்டையை அன்றைக்கே கடையில் கொடுத்துவிடலாம். அங்கிருந்து உள்நாட்டுச் சாக்லேட் ஆலைகளுக்குப் போகிறது. மட்டாஞ்சேரிக் கிடங்கு இல்லை, ஏலக் கூச்சல் இல்லை, பரம்பரைப் பெருமை கொண்டாட ட காமா குடும்பமும் இல்லை. அதனாலேயே கேரளக் கொக்கோவை ஒருவர் எழுத வந்தால் துறைமுகத்தின் பக்கம் சாய முடியாது. அடிமாலியிலோ நெடுங்கண்டத்திலோ ஒரு கடைத் திண்ணையில், விளைவித்தவரும் சுமந்தவரும் எடைபோட்டவரும் பேரம் பேசுகிற இடத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கும். எண்பதுகளில் மரத்தை வெட்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், எழுபது வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்பதற்கு, மலையாளத்திலோ தமிழிலோ, ஒரு நாவலாசிரியர் சீக்கிரம் கிளம்ப வேண்டும்.